நீ கேட்ட பிரெஞ்சுச் சொல்

திண்டிவனம்,
8 பிப்ரவரி 2025, சனிக்கிழமை.

அன்புள்ள தேவநாதனுக்கு,

வாய் மூடி இருந்தது போதும் என்று முடிவு செய்துவிட்டு எழுதுகிறேன். உன் மின்னஞ்சல் வந்து மூன்று வாரம் ஆகிறது. நடுவில் இரண்டு முறை ஞாபகப்படுத்தினாய். இரண்டாவதில் சிரிக்கிற பொம்மை முகம் ஒன்றும் இருந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இங்கே நானும் இருதயசெல்வியும் நலம். போன ஞாயிற்றுக்கிழமை காணைக்குப் போய் உன் அம்மாவைப் பார்த்தேன். கால் வீக்கம் வடிந்திருக்கிறது. கண்ணுக்கு விடும் சொட்டு மருந்து தீர்ந்து நான்கு நாள் ஆகியிருந்தது, உங்கள் அத்தனை பெரிய வீட்டில் ஒருவரும் கவனிக்கவில்லை. நான்தான் விழுப்புரம் வந்து வாங்கிக்கொண்டு திரும்பப் போனேன். "தேவா எப்பப்பா வர்றான்?" என்று என்னைக் கேட்கிறார். மே மாதம் என்று சொல்லிவைத்திருக்கிறேன். பொய்யாக்கிவிடாதே.

காகிதத்தில் எதற்கு எழுதுகிறான் என்று நினைப்பாய். மின்னஞ்சல் என்றால் நீ படித்த ஐந்தாவது நிமிடம் எங்கள் கல்லூரித் தாளாளர், உன் அண்ணன் சீனுவாசனுக்குப் போய்விடும். இந்தக் கடிதம் லியோனுக்கு வந்து சேர இரண்டு வாரமாவது பிடிக்கும். நீ இதைப் பிரிக்கும்போது திங்கட்கிழமைக் கூட்டம் முடிந்திருக்கும். தபாலை நான் நம்புவது அதற்காகத்தான்.

முதலில் நீ கேட்ட சொல். பல்கலைக்கழகங்களைப் பற்றிய ஓர் ஆங்கிலச் சமூகவியல் நூலை நீ பிரெஞ்சில் கொண்டுவருகிறாய். அதில் 'கல்ச்சுரல் டாக்சேஷன்' என்ற ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டு நிற்கிறாய். நான் புரிந்துகொண்டது சரியா பார். ஒரு கல்லூரியில் சிறுபான்மை இனத்து ஆசிரியர் ஒருவரோ இருவரோதான் இருப்பார்கள். அந்த இனத்தைத் தொட்ட வேலை எதுவானாலும் அவர் தலையில் விழும். எல்லாக் குழுவிலும் அவர் பெயர், ஆய்வுக்கு வருகிறவர்கள் எடுக்கும் எல்லாப் படத்திலும் அவர் முகம். அழுதுகொண்டு வரும் பிள்ளைகளை அவர் அறைக்கே அனுப்பிவைப்பார்கள். பதவி உயர்வு வரும்போது மட்டும் இதெல்லாம் எதிலும் சேராது, "ஆராய்ச்சியை ஏன் சார் இன்னும் முடிக்கல?" என்று கேட்பார்கள். இதற்குத்தான் அமெரிக்காவில் யாரோ வரி என்று பெயர் வைத்திருக்கிறார்.

நீ போட்டுப் பார்த்த 'தாக்ஸ் குல்த்யுரேல்' வேண்டாம். படிக்கிறவன் சினிமா டிக்கெட்டுக்குப் போடும் வரி என்று நினைத்துப் பக்கத்தைப் புரட்டிவிடுவான். தவிர, வரி என்பது மரியாதையான சொல். எல்லோரும் கட்டுகிறார்கள், கட்டினால் ரசீது உண்டு, சாலை உண்டு. உன் சகா ஒருவர் சொன்ன 'ஷார்ஜ்', அதாவது பொறுப்பு, கையில் அழுக்குப் படாத அலுவலகச் சொல். 'ஃபார்தோ' என்றால் வெறும் சுமை, பூசையில் வாசிக்கிற மாதிரி இருக்கிறது. சிலுவையைத் தூக்கிக்கொண்டு முணுமுணுக்காமல் மலை ஏறச் சொல்கிறது.

'கொர்வே' என்று போடு. புரட்சிக்கு முன்னால் குடியானவன் வருஷத்தில் இத்தனை நாள் பிரபுவுக்குக் கூலியில்லாமல் உழைத்துக் கொடுக்க வேண்டும் என்று இருந்ததே, அந்தச் சொல். இன்றைக்கும் பட்டாளத்தில் கக்கூஸ் கழுவ அனுப்புவதற்கு அதே சொல்லைத்தான் சொல்கிறார்கள். கக்கூஸ் விஷயத்துக்குப் பிறகு வருகிறேன். நம் பக்கத்தில் இதற்குப் பெயர் ஊர் வேலை.

என் அப்பா சவுரிராயன் செய்தது ஊர் வேலை. கிளியனூர்ப் பக்கம் எங்கள் ஊரில் பெரிய வீட்டில் யாராவது செத்தால், வெளியூர் உறவுக்காரர்களுக்குச் சாவு சொல்லப் போக வேண்டியவர் அவர். மழையோ வெயிலோ சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டும். போன இடத்தில் வாசலுக்கு வெளியே நின்று, துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, செத்தவர் பெயரையும் பிணம் எடுக்கும் நேரத்தையும் சொல்ல வேண்டும். முறத்தில் கேப்பை கொண்டுவந்து போடுவார்கள். நாங்கள் கிறிஸ்தவ வேதத்துக்கு வந்து மூன்று தலைமுறை ஆகியும் அந்த வேலை மட்டும் மதம் மாறவில்லை. என்னைப் படிக்கவைத்ததற்கு அவர் சொன்ன ஒரே காரணம், "உன்ன எவனும் எங்கியும் அனுப்பக் கூடாதுடா" என்பதுதான்.

ஆறு வருஷத்துக்கு முன் எங்கள் கல்லூரி மாணவன் செல்வகுமார் மயிலம் ரோட்டில் லாரி மோதி இறந்தான். காலனிப் பையன். முதல்வர் என்னைக் கூப்பிட்டார். "இன்னாசி சார், நீங்க போய் சொன்னாத்தான் நல்லாருக்கும். எங்கள பாத்தா அவங்க பயந்துடுவாங்க" என்றார். கல்லூரிக் காரில் போனேன். அவன் அம்மா மல்லாட்டை உடைத்துக் கடலை எடுத்துக்கொண்டிருந்தாள். சொன்னேன். சொல்லி முடித்த பிறகுதான் கவனித்தேன், நான் வாசலுக்கு வெளியே நின்றிருந்தேன், என் கைப்பை கக்கத்தில் இடுக்கியிருந்தது. யாரும் எனக்கு அப்படி நிற்கச் சொல்லித் தரவில்லை.

ஆகவே சொல் கொர்வே. நீ கேட்டது கிடைத்துவிட்டது. இத்தோடு நிறுத்திக்கொண்டிருந்தால் நாம் இன்னும் சிநேகிதர்கள்.

ஆனால் உன் மின்னஞ்சலில் கடைசியாக ஒரு பாரா இருந்தது. உனக்கு மறந்திருக்கும், எனக்கு மனப்பாடம். "அண்ணன் போன் பண்ணாரு. யாரோ அஸ்வினின்னு ஒரு பொண்ணு கம்ப்ளெயிண்ட் குடுத்துக்கினு பேஜாரு பண்ணுதாம். பத்தாம் தேதி கமிட்டியாமே. நீ இருக்கறதால கவலையில்லன்னு சொன்னேன். பாத்து ஸ்மூத்தா முடிச்சுடு." மேலே சிறுபான்மை ஆசிரியனின் சுமைக்குப் பிரெஞ்சு கேட்கிறாய், கீழே அந்தச் சுமையை என் தலையில் வைக்கிறாய். இரண்டும் ஒரே பக்கத்தில். நடுவில் ஒரு வரி இடம்கூட விடவில்லை. நீ கெட்டவன் என்று நான் சொல்லவில்லை. உனக்குத் தெரியவே இல்லை, அதுதான் அருவருப்பாக இருக்கிறது.

அஸ்வினி யார் என்று உன் அண்ணன் சொல்லியிருக்க மாட்டார். பி.காம். இரண்டாம் ஆண்டு. கூட்டேரிப்பட்டிலிருந்து பஸ்ஸில் வருகிற பெண். டிசம்பரில் ஆய்வுக் குழு வருவதற்கு முதல் நாள் கழிப்பறை கழுவ ஆள் வரவில்லை. வணிகவியல் துறைத் தலைவர் கண்ணையன் வகுப்புக்குள் வந்து, ஒரு காகிதத்தைப் பார்த்துப் பார்த்து நான்கு பெண்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். கையில் துடைப்பத்தைக் கொடுத்தார். ஒருத்தி தயங்கியபோது, "உங்க வூட்ல பழக்கந்தானே, ஜல்தியா முடிச்சுட்டு க்ளாஸுக்கு வாங்க" என்றாராம். மற்ற பிள்ளைகள் சிரித்திருக்கிறார்கள். மூன்று பெண்கள் கழுவிவிட்டு வந்தார்கள். அஸ்வினி துடைப்பத்தை அவர் மேசைமேல் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள். மறுநாள் புகார் எழுதிக் கொடுத்தாள்.

அறுபது பேர் வகுப்பில் யார் எந்தத் தெரு என்று கண்ணையனுக்கு எப்படித் தெரியும்? அவர் கையிலிருந்த காகிதம் உதவித்தொகைப் பட்டியல். அந்தப் பட்டியலைத் தயாரித்தவன் நான். வருஷா வருஷம் ஜூலையில் உட்கார்ந்து, ஒவ்வொரு பிள்ளையிடமும் சாதிச் சான்றிதழ் வாங்கி, விண்ணப்பத்தில் பிழை திருத்தி, ஒருவர்கூட விட்டுப் போகாமல் எழுதுவேன். போன வருஷம் ஒரு பெண் வெட்கப்பட்டுக்கொண்டு விண்ணப்பமே கொடுக்காமல் இருந்தாள். கெஞ்சிக் கூப்பிட்டுச் சேர்த்தேன். அது அஸ்வினி.

கூட்டத்துக்கு முன்பே தீர்மானம் தட்டச்சாகிவிட்டது. "தவறான புரிதலின் காரணமாக எழுந்த புகார், இரு தரப்பும் சமாதானமடைந்ததால் முடித்துவைக்கப்படுகிறது." கீழே ஐந்து பெயர். நான்காவது பெயர் என்னுடையது, பக்கத்தில் 'எஸ்.சி. உறுப்பினர்' என்று போட்டிருக்கிறது. விதிப்படி ஒருவராவது வேண்டுமே. இதே மாதிரித் தீர்மானங்கள் ஏழில் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஏழு பிள்ளைகளின் பெயரையும் இங்கே எழுதலாம். எழுதினால் இந்தக் கடிதத்தை முடிக்க மாட்டேன்.

இப்போது உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். அல்லது தெரிந்தும் நீ யோசிக்காத ஒன்று. நான் எஸ்.சி. இல்லை. காகிதத்தில் இல்லை. கிறிஸ்தவனாகிவிட்டவனுக்கு அரசாங்கம் அதைத் தராது, என் சான்றிதழில் பிற்படுத்தப்பட்ட வகுப்பு என்றுதான் இருக்கிறது. சேர்ந்த முதல் வாரம், பத்தொன்பது வருஷத்துக்கு முன், அப்போதைய முதல்வர் என்னை எஸ்.சி. செல்லைப் பார்த்துக்கொள்ளச் சொன்னபோது இதைச் சொன்னேன். அவர் சிரித்தார். "சர்டிபிகேட்ட யாரு சார் பாக்கறா? ஊருக்குத் தெரியுமில்ல?" என்றார். அதற்குமேல் நானும் வாய் திறக்கவில்லை. உன் அண்ணன் கொடுத்த வேலை. தம்பியின் ரூம்மேட் என்று இன்டர்வியூவில் எழுந்து நின்று கை கொடுத்தார். அந்தக் கை கொடுத்ததை நான் இத்தனை வருஷம் சுமந்தேன்.

சலுகை என்று வந்தால் நான் கிறிஸ்தவன். வேலை என்று வந்தால் காலனிக்காரன். எங்கள் ஊர்க் கோயில் கல்லறையில் நடுவே ஒரு சுவர் இருக்கிறது, அப்பா சுவருக்கு இந்தப் பக்கம் கிடக்கிறார். சாமியாரிடம் கேட்டால் அது தண்ணீர் வராமல் தடுக்கக் கட்டியது என்பார்.

நாம் பிரெஞ்சு படித்துக்கொண்டு புதுச்சேரி ஹாஸ்டலில் இருக்கும்போது முதல் தடவை உன் வீட்டுக்கு வந்தது ஞாபகம் இருக்கிறதா? உன் அம்மா கோவிந்தம்மாள் என் பெயரைக் கேட்டுவிட்டு, "வேதக்காரப் புள்ளையா, உக்காருப்பா" என்று கூடத்தில் உட்காரவைத்து மீன் குழம்பு ஊற்றினார். அவ்வளவு ருசியாக நான் அதுவரை சாப்பிட்டதில்லை. இரண்டாவது தடவை வருவதற்குள் யாரோ எங்கள் தெருவைச் சொல்லிவிட்டார்கள். அன்றைக்கு நமக்குச் சாப்பாடு பம்ப்செட்டுக்கு வந்தது. "அங்க காத்தாட சாப்புடுங்க" என்று அம்மா சொன்னதாக நீ சொன்னாய். நீயும் என்னோடு பம்ப்செட்டில் உட்கார்ந்து சாப்பிட்டாய், அதை நான் மறுக்கவில்லை. ஆனால், "ஏன்டா இன்னிக்கி இங்க?" என்று நான் கேட்பேன் என்று பயந்து, சாப்பிட்டு முடிக்கும் வரை நீ கரும்பு விலையைப் பற்றியே பேசினாய். நான் கேட்கவில்லை. உன்னைக் காப்பாற்றினேன். அதுதான் நான் உங்கள் வீட்டுக்குச் செய்த முதல் ஊர் வேலை.

இப்போது உன் அம்மாவுக்குக் கண் மங்கிவிட்டது. நான் கட்டில் வரைக்கும் போகிறேன். குரலை வைத்து, "யாரு, வேதக்காரப் புள்ளையா?" என்கிறார். ஆமாம் என்கிறேன். சொட்டு மருந்து விடும்போது என் கையைப் பிடித்துக்கொள்கிறார். இதில் எனக்கு என்ன கோபம் மிச்சம் இருக்கிறது என்று தேடிப் பார்க்கிறேன். இருக்கிறது. ஆனாலும் மருந்து விடுகிறேன்.

போன வாரம் கூட்டேரிப்பட்டு பஸ் நிறுத்தத்தில் அஸ்வினி என்னைப் பார்த்துவிட்டாள். ஒளிந்துகொள்ள இடம் தேடினேன், டீக்கடைதான் இருந்தது. நேராக வந்தாள். "சார், கண்ணையன் சார் எங்க அப்பாவுக்கு ஆள் அனுப்பியிருக்காரு. வாபஸ் வாங்கலன்னா டிசி குடுத்துடுவாங்களாம். அப்பா பயந்துகினு என்ன திட்றாரு" என்றாள். நான் டீ ஒன்று வாங்கிக் கையில் வைத்துக்கொண்டேன். அவள் சொன்னாள், "எனக்குப் பயமில்ல சார். கமிட்டில நீங்க இருக்கீங்கன்னு சொன்னாங்க. நம்மாளு ஒருத்தர் இருக்காருன்னுதான் எழுதியே குடுத்தேன்." பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டாள். என் டீ ஆறிவிட்டது, அப்படியே கீழே ஊற்றினேன்.

என்னை அந்தக் குழுவில் வைத்திருப்பது எதற்கென்று அன்றைக்குத்தான் முழுதாகப் புரிந்தது. வேலை வாங்க மட்டும் இல்லை. என் பெயரைப் பார்த்துத்தான் பிள்ளைகள் நம்பி உள்ளே வருகிறார்கள். வந்த பிறகு கதவைச் சாத்துவதற்கும் என் பெயர்தான்.

வீட்டுக்கு வந்து இருதயசெல்வியிடம் சொன்னேன். அவள் முப்பது வருஷம் ஆரம்பப் பள்ளியில் பாடம் எடுத்தவள், சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது. கையெழுத்துப் போடாவிட்டால் வேலை போகும் என்றேன். எஸ்.சி. என்று பொய் சொல்லிப் பத்தொன்பது வருஷம் உட்கார்ந்திருந்தான் என்று பழியை என்மேலேயே போடுவார்கள் என்றேன். என்ன செய்யட்டும் என்று கேட்டேன். கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். "ஏழு தபா கையெழுத்து போட்டீங்களே, என்னக் கேட்டுக்கினா போட்டீங்க? போடாம இருக்கறதுக்கு மட்டும் நான் வேணுமா?" என்றாள். பிறகு குழம்பைத் தாளித்தாள்.

நேற்று பீரோவிலிருந்து என் சாதிச் சான்றிதழை எடுத்து நகல் எடுத்தேன். பல்கலைக்கழகப் பதிவாளருக்கும், விழுப்புரத்தில் ஆதிதிராவிடர் நல அலுவலருக்கும் இரண்டு கடிதம். எங்கள் கல்லூரிக் குழுவில் விதிப்படியான உறுப்பினர் ஒருவர் பத்தொன்பது வருஷமாக இருந்ததே இல்லை என்று எழுதியிருக்கிறேன். ஆகவே அது முடித்துவைத்த ஏழு புகாரும் முடிந்தவை அல்ல, எட்டாவதை விசாரிக்க அதற்குத் தகுதியே இல்லை. உறுப்பினர் என்று கையெழுத்துப் போட்டவன் நான்தான், தெரிந்தேதான் போட்டேன் என்றும் எழுதியிருக்கிறேன். இரண்டையும் இன்று காலையிலேயே பதிவுத் தபாலில் சேர்த்துவிட்டேன். உன் அண்ணனுக்குத் திங்கட்கிழமை கூட்டத்தில் தெரியும். அஸ்வினிக்கு இன்னும் சொல்லவில்லை. சொன்னால் நன்றி என்பாள். அதைக் கேட்க எனக்கு யோக்கியதை இல்லை.

கொர்வேக்கு ஒரு குறிப்புப் போட வேண்டும். ஏனென்றால் அந்தச் சொல்லும் முழுசாக இல்லை. பிரபுவின் சாலையைப் போட்ட குடியானவன் முதுகு ஒடிந்தான், சரி. ஆனால் யாரையும் காட்டிக் கொடுக்கவில்லை. பக்கத்துக் குடிசைக்காரனின் பெயரை எழுதிக் கொடுக்கும் வேலை அவனுக்கு இல்லை. எனக்கு இருந்தது. உன் நூலில் அந்த ஆசிரியனைப் பாவப்பட்டவனாக மட்டும் காட்டியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். அவனுக்காகப் படிக்கிறவர்கள் உச்சுக் கொட்டுவார்கள். அவனிடம் ஓடி வந்த பிள்ளை என்ன ஆனாள் என்று அந்த நூலில் எங்காவது இருக்கிறதா, பார்த்துச் சொல். இருந்தால் அந்தப் பக்கத்தை நானே மொழிபெயர்த்துத் தருகிறேன்.

அடிக்குறிப்பில் நன்றி என்று என் பெயரைப் போடுவதாக எழுதியிருந்தாய். போடாதே. என் பெயரை ஓரத்தில் போட்டுக் காரியத்தை முடித்தவர்கள் ஏற்கெனவே நிறையப் பேர்.

லியோனில் பனி கொட்டுகிறது என்று டிவியில் பார்த்துவிட்டு அம்மா கவலைப்பட்டார். காதை மூடிக்கொண்டு வெளியே போ. அம்மாவுக்கு வாரம் ஒரு முறையாவது போன் செய், மருந்து இருக்கிறதா என்று நீயே கேள். நாளைக்கும் நான் காணைக்குப் போவேன். அடுத்த ஞாயிறு உன் அண்ணன் என்னை அந்த வாசலில் ஏற விடுவாரா என்று தெரியவில்லை. மே மாதம் எப்படியும் வா. வந்தால் அண்ணன் வீட்டில் இறங்குவதற்கு முன் திண்டிவனத்தில் இறங்கு. பம்ப்செட்டில் நான் கேட்காமல் விட்டதை இந்தத் தடவை கேட்பேன். கரும்பைப் பற்றிப் பேசாமல் பதில் சொல். நீயும் உன் பிள்ளைகளும் நன்றாக இருங்கள்.

வழக்கமாக இந்த இடத்தில் பெயர் எழுதிக் கீழே ஒரு கோடு இழுப்பேன். பத்தொன்பது வருஷப் பழக்கம், காகிதத்தின் அடி வந்தால் கை தானாகவே போட்டுவிடுகிறது. இப்போதும் பேனா இறங்கிவிட்டது, பிடித்து நிறுத்தினேன். இங்கே ஒரு புள்ளி மை கொட்டியிருப்பது அதுதான். திங்கட்கிழமை பதினொரு மணிக்கு அந்தத் தீர்மானத்தை என் முன்னால் தள்ளுவார்கள், பேனாவையும் மூடி திறந்து கொடுப்பார்கள். அதற்குள் இந்தக் கை ஒரு முறையாவது சும்மா இருந்து பழக வேண்டும். யார் எழுதியது என்று உனக்குத் தெரியும். பெயர் போடாமலே உறையை ஒட்டித் தபாலில் சேர்க்கிறேன்.